உராய்வுப் பற்றவைப்பில் எச்சத் தகைவும் கணினி மாதிரியாக்கமும்

வெளியிலிருந்து எந்த விசையும் செயல்படாதபோதும் ஒரு பொருளுக்குள் தங்கியிருக்கும் தகைவு, எச்சத் தகைவு எனப்படும். உலோகங்களைப் பற்றவைக்கும்போது இது ஏறத்தாழ எப்போதும் உண்டாகிறது. இரு பாகங்களை ஒன்றோடொன்று தேய்த்து, அந்தத் தேய்ப்பில் பிறக்கும் வெப்பத்தாலேயே அவற்றை இணைக்கும் உராய்வுப் பற்றவைப்பும் இதற்கு விலக்கன்று. விமான எஞ்சினின் சுழல்வட்டுகள், ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகள், வண்டிகளின் அச்சுத்தண்டுகள் முதலியவை இம்முறையில் இணைக்கப்படுகின்றன. இவற்றுள் எவ்வளவு தகைவு எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தே அவற்றின் ஆயுள் அமைகிறது. அத்தகைவைக் கணினியில் முன்கூட்டியே கணிக்கும் முயற்சி 1970களில் பொதுவான பற்றவைப்புக்குத் தொடங்கி, 1990களில் உராய்வுப் பற்றவைப்புக்கு விரிந்தது. கணிப்பை அளவீடு சோதிப்பதும், அளவீட்டின் குறையைக் கணிப்பு சுட்டுவதுமாகவே இத்துறை வளர்ந்துள்ளது.

எச்சத் தகைவு எவ்வாறு பிறக்கிறது?

ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பியை 100 செல்சியஸ் பாகை குளிர்வித்தால் அது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் சுருங்கும். அதன் இரு முனைகளும் அசையாத சுவர்களில் பொருத்தப்பட்டிருந்தால் சுருங்க இயலாது. சுருங்க வேண்டிய அளவுக்கு அது இழுபட்டு நிற்கும். அப்போது கம்பியில் தோன்றும் இழுதகைவு ஏறத்தாழ 240 மெகாபாஸ்கல் ஆகும். கட்டடங்களில் பயன்படும் சாதாரண எஃகின் மீட்சி எல்லையும் ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல்தான். அதாவது, வெறும் 100 பாகை குளிர்ச்சியே எஃகை அதன் எல்லைவரை இழுத்துவிடும்.

பற்றவைப்பில் எஃகு ஆயிரம் பாகைக்கும் மேல் சூடேறுகிறது. சூடான இடம் குறுகிய பட்டை. அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகமே இங்குச் சுவர். சூடேறும்போது பட்டை விரிய முயல்கிறது. குளிர்ந்த பகுதி தடுப்பதால், மென்மையாகிவிட்ட சூடான உலோகம் நிலையாக நசுங்கி உருமாறுகிறது. பின்னர் ஆறும்போது அது முன்பிருந்த நீளத்தைவிடக் குறுக முயல்கிறது. அண்டை உலோகம் அதற்கும் இடங்கொடுப்பதில்லை. இறுதியில் பற்றவைப்புப் பட்டையில் இழுதகைவும், அதைச் சமன்செய்ய அண்டைப் பகுதியில் அமுக்கத் தகைவும் நிலைத்துவிடுகின்றன. கூட்டிப் பார்த்தால் மொத்த விசை சுழியாக இருப்பதால், பாகத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது.

இழுதகைவு விரிசலின் வாயைத் திறந்துவைக்கும். எஞ்சின் இயங்கும்போது வரும் விசையும் அதனுடன் சேர்ந்துகொள்வதால், உலோக அயர்ச்சியால் விரிசல் வளரும் வேகம் கூடுகிறது. அமுக்கத் தகைவு விரிசலை மூடிவைத்து நன்மை செய்யும். எனவே எச்சத் தகைவின் அளவு மட்டுமன்றி, அது எங்கே, எத்திசையில், எந்தக் குறியுடன் உள்ளது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

முற்காலச் சான்றுகள்

உருகிய கண்ணாடியைக் குளிர்ந்த நீரில் சொட்டவிட்டால் வாலுடன் கூடிய துளி கிடைக்கும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. மெல்லிய வாலைக் கிள்ளினால் முழுத் துளியும் தூளாகச் சிதறும். இளவரசர் ரூப்பர்ட்டின் துளி என்று பெயர்பெற்ற இது, 1660களில் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆராயப்பட்டது. ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட தம் நூலிலும் இதைப் பற்றி எழுதினார். துளியின் மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர் சுருங்குகிறது. அதனால் மேற்பரப்பில் அமுக்கமும் உள்ளே இழுவிசையும் தங்கிவிடுகின்றன.

உலோகத்தில் இதன் தீமையைக் காட்டிய நிகழ்வுகளுள் ஒன்று இந்தியாவில் நடந்தது. பிரித்தானிய ஆட்சியின்போது படைகளின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. பருவத்தோடு சேர்ந்து வந்ததால் இதற்குப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டனர். குதிரை லாயங்களை ஒட்டிச் சேமித்த உறைகளிலேயே இது மிகுதியாகக் காணப்பட்டது. இதன் காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மேலின்சன் ஆகியோர் விளக்கினர். குளிர்நிலையில் இழுத்து உருவாக்கப்பட்ட உறைக்குள் இழுதகைவு எஞ்சியிருந்தது. லாயத்திலிருந்து வந்த அமோனியா ஈரக் காற்றில் பித்தளையை அரித்தது. இரண்டும் சேர்ந்தே உறையைப் பிளந்தன. உறைகளை மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டுத் தகைவைத் தளர்த்தியதும் சிக்கல் தீர்ந்தது. இன்று பற்றவைத்த பாகங்களுக்குச் செய்யப்படும் பின்வெப்பப் பதப்படுத்தலின் அடிப்படையும் இதுவே.

1943 சனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், துறையில் அமைதியான நீரில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் நடுவே இரண்டாகப் பிளந்தது. அது பற்றவைத்துக் கட்டப்பட்ட கப்பல். இக்காலத்தில் கட்டப்பட்ட பிற கப்பல்கள் பலவற்றிலும் விரிசல்கள் தோன்றியதால், பற்றவைப்பில் பூட்டுண்ட தகைவின்மீது ஐயம் விழுந்தது. குளிரில் நொறுங்கும் எஃகும், கூர்மையான மூலைகளில் விசை குவிவதும் முதன்மைக் காரணங்கள் எனப் பின்னர் தெளிவாயின. ஆயினும் பற்றவைப்பின் எச்சத் தகைவைக் கணக்கிட்டறிய வேண்டும் என்ற எண்ணத்தை இவ்விபத்துகள் வலுப்படுத்தின.

உருகாமல் இணைக்கும் முறை

உராய்வால் உலோகங்களை இணைக்கும் முறைக்கு 1891இலேயே அமெரிக்காவில் பெவிங்டன் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது தொழிற்சாலை முறையாக வளர்ந்தது 1956இல் சோவியத் ஒன்றியத்தில் சுதிக்கோவ் என்ற கடைசல் தொழிலாளர் செய்து காட்டிய பின்னர்தான். 1960களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் இதன் மற்றொரு வடிவமான நிலைமப் பற்றவைப்பை உருவாக்கியது. இதில் கனத்த சுழற்சக்கரம் ஒன்றில் ஒரு பாகம் பொருத்தப்பட்டு வேகமாகச் சுழற்றப்படும். பின் சுழற்றும் ஆற்றலைத் துண்டித்துவிட்டு, அசையாமல் பிடிக்கப்பட்ட மற்றொரு பாகத்தின்மீது அது அழுத்தப்படும். சக்கரத்தின் இயக்க ஆற்றல் முழுவதும் தீர்ந்து அது நிற்பதற்குள் பற்றவைப்பு முடிந்துவிடும். சூடான உலோகத்தின் ஒரு பகுதி விளிம்பில் சுருண்டு பிதுங்கும். பழைய மேற்பரப்பிலிருந்த துருவும் அழுக்கும் அந்தப் பிதுக்கத்தோடு வெளியேறிவிடுவதால் தூய உலோகம் தூய உலோகத்தோடு சேர்கிறது.

இம்முறையில் உலோகம் உருகுவதில்லை. எஞ்சின் வால்வின் தலையை ஒருவகை எஃகாலும் தண்டை வேறொருவகை எஃகாலும் செய்து இணைக்க இது உதவியது. இதைவிடப் பெரிய பயன் ஜெட் எஞ்சின்களில் கிடைத்தது. மிகு வெப்பத்தைத் தாங்கும் நிக்கல் உயர்கலவைகளை உருக்கிப் பற்றவைத்தால் அவை விரிசல் விடுகின்றன. உராய்வு முறையில் அவற்றை இணைக்கலாம். ஆனால் அந்த இணைப்பு இருக்கும் இடம் எஞ்சினின் சுழலும் வட்டுத்தொகுதி. சுழல்வட்டு உடைந்தால் அதன் துண்டுகளை எஞ்சினின் உறையால் தடுக்க இயலாது. 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த விமான விபத்துக்கு, டைட்டானியம் விசிறிவட்டு ஒன்று அயர்ச்சி விரிசலால் உடைந்ததே காரணம். அவ்வட்டின் குறை பற்றவைப்பால் வந்ததன்று. உலோகத்தைத் தயாரித்தபோதே உள்ளே தங்கிய மாசினால் வந்தது. எனினும் ஒரு வட்டு உடைந்தால் என்ன நேரும் என்பதை அது காட்டியது. அத்தகைய பாகத்தில் எஞ்சியுள்ள தகைவைத் தோராயமாக ஊகித்துவிட்டுப் பறக்கவிட முடியாது.

கையால் கணக்கிட்ட காலம்

தகைவைக் கணிக்க முதலில் வெப்பநிலையைக் கணிக்க வேண்டும். 1941இல் டேனியல் ரோசன்தால், நகரும் வெப்ப மூலத்தைச் சுற்றி உலோகத்தின் வெப்பநிலை எவ்வாறு பரவும் என்பதற்கான சமன்பாட்டுத் தீர்வை வெளியிட்டார். உராய்வுப் பற்றவைப்புக்கு இதேபோன்ற வெப்பக் கணக்குகளை 1950களின் இறுதியில் சோவியத் அறிஞர் ரிக்காலினும் அவர் குழுவினரும், 1962இல் அமெரிக்காவில் செங் என்பவரும் செய்தனர். இவை வெப்பநிலையை மட்டுமே தந்தன. உலோகத்தின் வலிமை வெப்பத்தோடு மாறுவதையும், அது நிலையாக உருமாறுவதையும் சேர்த்துத் தகைவைக் கணக்கிடுவது தாளில் தீரக்கூடிய வேலையாக இருக்கவில்லை.

கணினியின் வருகை

இதற்கு வழிவகுத்தது முடிவுறு கூறு முறை. ஒரு பொருளை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் எளிய சமன்பாடுகளை எழுதி, அனைத்தையும் கணினியில் சேர்த்துத் தீர்ப்பதே இம்முறை. போயிங் நிறுவனத்தின் விமான இறக்கை ஆய்வுகளிலிருந்து எழுந்த டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரை இதன் முன்னோடி. கிளஃப் 1960இல் இதற்கு இப்பெயரை இட்டார்.

பற்றவைப்புத் தகைவுக்கு இம்முறையை முதலில் பயன்படுத்தியவர்களுள் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உவேடா, யமகாவா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களது ஆய்வு 1971இல் வெளிவந்தது. 1973இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஹிபிட், மார்சல் ஆகியோர் வெப்பத்தையும் தகைவையும் இணைத்த மாதிரியை வெளியிட்டனர். பின்னாளில் இத்துறையில் பரவலாகப் பயன்பட்ட மார்க், அபாகஸ் ஆகிய இரு மென்பொருள்களின் தோற்றத்திலும் இவ்விருவருக்கும் பங்கு உண்டு. மார்சல் தொடங்கிய நிறுவனம் மார்க் மென்பொருளை உருவாக்கியது. ஹிபிட் 1978இல் பிறருடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அபாகஸை உருவாக்கியது.

இத்தகைய மாதிரிகளின் உள்ளமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. உலோகத்தின் ஒரு புள்ளியில் ஏற்படும் மொத்தத் திரிபில் வெப்ப விரிவு, நிலையான உருமாற்றம், படிக அமைப்பு மாறுவதால் வரும் பருமன் மாற்றம் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது மீட்சித் திரிபு. அதை உலோகத்தின் மீட்சிக் குணகத்தால் பெருக்கித் தகைவு பெறப்படுகிறது. இந்தக் கணக்கைச் சூடேறும் முதல் நொடியிலிருந்து முற்றிலும் ஆறும்வரை சிறு சிறு நேரப்படிகளாகச் செய்ய வேண்டும். இடையில் செய்த பிழை எதுவானாலும் அது இறுதித் தகைவில் தங்கிவிடும்.

உராய்வு தந்த தனிச் சிக்கல்

மின்வில் பற்றவைப்பில் வெப்பம் வெளியிலிருந்து வருகிறது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் உள்ளே செல்லும் வெப்பத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். உராய்வில் வெப்பம் உலோகத்தாலேயே பிறக்கிறது. தொடக்கத்தில் இரு முகங்களும் ஒன்றன்மீது ஒன்று வழுக்கும்போது, உராய்வுக் குணகம், அழுத்தம், வழுக்கும் வேகம் ஆகியவற்றின் பெருக்கலே வெப்பம். சில நொடிகளில் உலோகம் மென்மையாகி முகங்கள் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வழுக்கல் நின்று, மென்மையான மெல்லிய அடுக்கு பிசையப்படுவதால் வெப்பம் வருகிறது. அந்த வெப்பம் உலோகத்தின் வலிமையைப் பொறுத்தது. வலிமை வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலையோ அந்த வெப்பத்தைப் பொறுத்தது. இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்பதே மாதிரியாளர்களின் முதற்கேள்வி.

1995இல் பிரான்சில் மோல், மசோனி ஆகியோர் நிலைமப் பற்றவைப்பு முழுவதையும் முடிவுறு கூறு முறையில் கணிக்கும் மாதிரியை வெளியிட்டனர். உராய்வு விதியை வழுக்கும் நிலைக்கும் ஒட்டும் நிலைக்கும் ஏற்ப மாற்றி அமைப்பது அவர்கள் வழி. பாகம் அச்சைச் சுற்றிச் சமச்சீராக இருப்பதால், முழுக் குழாயையும் கணக்கிடாமல் அதன் ஒரு வெட்டுமுகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அத்துடன் முறுக்கத்தைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அக்காலக் கணினிகளுக்கு இது தாங்கக்கூடிய அளவு.

2005இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ரோல்ஸ்-ராய்ஸ் பொறியாளர்களும் வேறொரு வழியை வெளியிட்டனர். நிலைமப் பற்றவைப்பில் சுழற்சக்கரத்தின் வேகம் ஒவ்வொரு கணமும் பதிவாகிறது. சக்கரம் இழக்கும் ஆற்றலே வெப்பமாக மாறுகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனைப் பெருக்கிப் பாதியாக்கினால் அந்த ஆற்றல் கிடைக்கும்; வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே வேகப் பதிவிலிருந்தே வெப்பத்தைக் கணக்கிட்டு மாதிரிக்குள் கொடுத்துவிட்டால், உராய்வுக் குணகத்தை ஊகிக்கும் தேவை குறைகிறது. இந்த வழியின் எல்லையும் தெளிவானது. ஒருமுறையேனும் பற்றவைத்துப் பதிவெடுத்த பின்னரே இதைப் பயன்படுத்த இயலும்.

அளவீடு என்னும் உரைகல்

தகைவை நேரடியாக அளக்கும் கருவி எதுவுமில்லை. 1934இல் மாதர் முன்வைத்த முறையில், பாகத்தில் சிறு துளையிட்டு, துளையைச் சுற்றி உலோகம் தளர்வதை அளந்து தகைவைக் கணக்கிடுவர். இது பாகத்தைச் சேதப்படுத்தும். மேற்பரப்பை ஒட்டிய தகைவை மட்டுமே காட்டும். எக்ஸ் கதிர் முறையும் உலோகத்தின் மிக மெல்லிய மேலடுக்கைத் தாண்டிச் செல்லாது.

நியூட்ரான்கள் எஃகுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் செல்லக்கூடியவை. படிகத்தில் அணு அடுக்குகளுக்கு இடையிலுள்ள தொலைவை அவற்றின் விளிம்பு விளைவால் அளந்து, தகைவில்லாத உலோகத்தின் தொலைவோடு ஒப்பிட்டால் திரிபு கிடைக்கும். எஃகில் 200 மெகாபாஸ்கல் தகைவு, அத்தொலைவை ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே மாற்றுகிறது. அவ்வளவு நுண்மையான அளவீடு 1980களின் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது.

நிக்கல் உயர்கலவைக் குழாய்களின் நிலைமப் பற்றவைப்பை மான்செஸ்டர் குழுவினர் இம்முறையில் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். குழாயின் சுற்றளவுத் திசையில் மிகப் பெரிய இழுதகைவு இருந்தது. பற்றவைத்த வளையம் ஆறும்போது சுருக்குக் கயிறுபோல் உள்நோக்கி இறுகுவதால் குழாயின் சுவர் வளைகிறது. அதனால் அச்சுத் திசையில் உட்பரப்பு இழுவிசையையும் வெளிப்பரப்பு அமுக்கத்தையும் பெறுகின்றன. அந்த ஆய்வில் நடைமுறைக்கு முக்கியமான முடிவொன்றும் கிடைத்தது. ஆர்ஆர்1000 என்ற புதிய கலவைக்கு வழக்கமான பின்வெப்பப் பதப்படுத்தல் போதவில்லை. தகைவைத் தேவையான அளவு தளர்த்த வெப்பநிலையை 50 பாகை உயர்த்த வேண்டியிருந்தது. வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட கலவை, தகைவைத் தளர்த்தும் வெப்பத்தையும் தாங்கிக்கொண்டது.

அளவீட்டுக்கும் தனிச் சிக்கல் உண்டு. பற்றவைப்புக் கோட்டருகே கலவையின் நுண்ணமைப்பு மாறுவதால், தகைவில்லாத நிலையில் இருக்க வேண்டிய அணு அடுக்குத் தொலைவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதைக் கவனிக்காமல் ஒரே மதிப்பை எல்லா இடத்துக்கும் வைத்தால், இல்லாத தகைவு இருப்பதாகத் தோன்றும். அத்தகைய இடங்களில் கணிப்பும் அளவீடும் முரண்பட்டால் குறை மாதிரியில்தான் என்று உடனே முடிவுகட்ட இயலாது.

எஃகும் அலுமினியமும்

எஃகில் மற்றொரு காரணியும் சேர்கிறது. உயர்வலிமை எஃகு விரைந்து ஆறும்போது மார்ட்டன்சைட் என்ற அமைப்பாக மாறிச் சற்றே விரிவடைகிறது. சுருக்கத்தால் வளரும் இழுதகைவை இந்த விரிவு குறைக்கிறது. சில இடங்களில் அமுக்கமாகவும் மாற்றிவிடுகிறது. இதைச் சேர்க்காத மாதிரி தகைவின் அளவை மட்டுமன்றி அதன் குறியையே தவறாகச் சொல்லக்கூடும். இரு வேறு எஃகுகளை இணைக்கும் எஞ்சின் தண்டுகளுக்கான பிற்கால மாதிரிகள் இந்த மாற்றத்தையும் கணக்கில் கொண்டன.

1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பற்றவைப்பு நிறுவனத்தில் வேய்ன் தாமசும் குழுவினரும் உராய்வுக் கலக்கல் பற்றவைப்பைக் கண்டுபிடித்தனர். இதில் சுழலும் கருவி ஒன்று இரு தகடுகளின் இணைப்புக் கோட்டில் இறங்கி, உலோகத்தைக் கலக்கிக்கொண்டே நகர்கிறது. அலுமினியத் தகடுகளுக்கு மிகவும் ஏற்ற இம்முறை, ராக்கெட் எரிபொருள் தொட்டிகளில் விரைவில் இடம்பிடித்தது. இதன் மாதிரிகளில் தகடுகளை இறுகப் பிடிக்கும் கவ்விகளையும் சேர்க்க வேண்டியுள்ளது. கவ்விகளைக் கழற்றும்போது தகைவு மறுபடியும் பரவி அமைகிறது என்பதே காரணம்.

நம்பகத்தின் அளவு

கணிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சோதிக்க, 2002இல் ஐரோப்பாவில் நெட் என்ற ஆய்வு வலையமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முதற்பணிகளுள் ஒன்றில், துருவேறா எஃகுத் தகட்டில் மின்வில்லால் ஒரேயொரு பற்றவைப்புக் கோடு இடப்பட்டது. பல நாட்டு ஆய்வகங்கள் அதன் தகைவை அளந்தன; பல குழுக்கள் அதைக் கணினியில் கணித்தன. எளிமையான அந்த அமைப்புக்கே முடிவுகள் குழுவுக்குக் குழு வேறுபட்டன. உலோகம் மீண்டும் மீண்டும் இழுபட்டு நசுங்கும்போது எவ்வாறு கடினமாகிறது என்பதை விவரிக்கும் விதியைத் தேர்ந்தெடுத்ததே வேறுபாட்டின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. உராய்வுப் பற்றவைப்பில் உருமாற்றம் இன்னும் பெரியது என்பதால் இந்தப் படிப்பினை அதற்கும் பொருந்தும்.

எச்சத் தகைவு தெரியாத நிலையில் வடிவமைப்பாளர் அதை உலோகத்தின் மீட்சி எல்லை அளவுக்கு உயர்வாக வைத்துக்கொள்வது வழக்கம். அது பாதுகாப்பானது; ஆனால் பாகம் தேவைக்கு மேல் கனமாகும் அல்லது இன்னும் பயன்படக்கூடிய நிலையிலேயே கழற்றி எறியப்படும். தகைவைக் குறைவாக மதிப்பிட்டாலோ, கணக்கில் வராத விரிசல் ஒன்று ஆய்வுக்கு முன்பே வளர்ந்துவிடும். கணினி மாதிரி இவ்விரண்டுக்கும் இடையே இடம் தருகிறது. புதிய கலவை அல்லது புதிய வடிவம் வரும்போது எந்த வேகம், எந்த அழுத்தம், எந்தப் பதப்படுத்தல் ஏற்றது என்பதைப் பலமுறை பற்றவைத்துப் பாழாக்காமல் கணினியிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவற்றுள் தேர்ந்தெடுத்த ஒன்றை உண்மையில் பற்றவைத்து, நியூட்ரான் கற்றையிலோ வேறு முறையிலோ அளந்து சரிபார்த்த பின்னரே அப்பாகம் எஞ்சினுக்குள் செல்கிறது.